நோயறி சிந்தனையும் நாட்டு மொழியும்: கல்கத்தாவும் மானிப்பாயும்

1. முன்னுரை

இந்திய மருத்துவக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் கல்லூரிகள் தோன்றிய வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்தக் கல்லூரி நிறுவப்பட்டது, முதலில் பட்டம் பெற்றவர் யார், முதலில் பிணத்தை அறுத்தவர் யார் என்பன பற்றிய செய்திகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆனால் நோயாளியின் அருகே நின்ற மாணவன் எவ்வாறு சிந்திக்கக் கற்றான், அச்சிந்தனை எந்த மொழியில் நிகழ்ந்தது என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்பெறவில்லை. இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வினாக்கள் இயல்பாக எழும் இடங்களுள் ஒன்று கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள லேக் மார்க்கெட் ஆகும். 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை வெட்டிய ஏரிகளுக்கு அண்மையில், ராஷ்பிகாரி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த இப்பகுதியில், அலுவலகப் பணிகளின் பொருட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வாழையிலையும் காப்பித்தூளும் தொடுத்த பூவும் விற்கும் அச்சந்தை, தமிழர் குடியிருப்பின் அடையாளமாகவே நகரத்தாரால் அறியப்படுகிறது. அங்கு வாழும் தமிழ் முதியவர் நோயுற்றால் தம் துன்பத்தைத் தமிழில் உணர்கிறார். அதனை வங்காளத்தில் எடுத்துரைக்கிறார். மருத்துவர் அதனை ஆங்கிலத்தில் குறித்துக்கொள்கிறார். மூன்று மொழிகளைக் கடந்து செல்லும் அம்முறையீடு வழியில் எதனை இழக்கிறது, எதனைப் புதிதாகப் பெறுகிறது என்பது மொழியியலார்க்கும் மருத்துவ ஆசிரியர்க்கும் பொதுவான ஆய்வுப்பொருள் ஆகும். நகரத்தின் பெயர் 2001-இல் கொல்கத்தா என மாற்றப்பட்டதாயினும், பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துக் கல்கத்தா என்னும் வழக்கே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

2. நோயறி சிந்தனையும் சிறுகுழுவும்

நோயாளியின் முறையீடு, உடலிற் காணும் குறிகள், ஆய்வுக்கூட முடிவுகள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, இன்ன நோயாக இருக்கலாம் என ஐயுற்று, அவ்வையங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கியும் ஏற்றும் ஒரு துணிவுக்கு வரும் அறிவுச்செயல் இங்கு நோயறி சிந்தனை எனக் குறிக்கப்படுகிறது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் வரிசைப்படத் தேர வேண்டும் என வற்புறுத்துவது இச்செயலையே ஆகும். சித்த மருத்துவம் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வு கூறும். அவற்றுள் நோயாளியின் மொழியும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. குரலும் பேச்சும் உடலின் ஏனைய குறிகளைப் போலவே ஆராயப்பட வேண்டியவை என்பது அம்மரபின் கொள்கை.

ஐரோப்பாவில் படுக்கையருகே கற்பிக்கும் முறைக்குப் புகழ் சேர்த்தவர் லைடன் பல்கலைக்கழகத்துப் பூர்காவே. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பன்னிரண்டு படுக்கைகளே கொண்ட சிறு கூடத்தில் அவர் மாணவர்க்குப் பயிற்சியளித்தார். 1890களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் மாணவரை விரிவுரைக் கூடத்திலிருந்து நோயாளர் கூடத்திற்கு அழைத்துச் சென்றார். 1900-இல் ஹார்வர்டைச் சேர்ந்த வால்ட்டர் கேனன், சட்டக் கல்லூரிகளில் வழக்குகளைக் கொண்டு கற்பிப்பது போல, எழுதப்பட்ட நோயாளர் வரலாறுகளைக் கொண்டு மருத்துவம் கற்பிக்கலாம் என எழுதினார். 1969-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருபது மாணவர் கொண்ட முதல் வகுப்பைத் தொடங்கியபோது, சிறுகுழுவில் நோயாளர் சிக்கலை முன்வைத்துக் கற்பதே பாடத்திட்டத்தின் அடிப்படையாயிற்று.

இம்முயற்சிகளின் பயனை அளந்தறியும் ஆய்வுகளும் எழுந்தன. 1978-இல் எல்ஸ்டைனும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட நூல், தேர்ந்த மருத்துவரும் மாணவரும் நோயாளியைக் கண்ட சிறிது நேரத்திற்குள்ளேயே சில கருதுகோள்களை அமைத்துக்கொள்கின்றனர் என்று காட்டியது. கருதுகோள் அமைக்கும் முறையில் இருசாராரும் பெரிதும் வேறுபடவில்லை. நோய்களைப் பற்றிய அறிவின் செறிவிலும் ஒழுங்கிலுமே வேறுபட்டனர். ஒரு நோயாளரிடம் சரியாகச் சிந்தித்தவர் மற்றொருவரிடமும் அவ்வாறே சிந்திப்பார் என்பதற்கு உறுதியில்லை என்பதும் அதனாற் புலனாயிற்று. எனவே பொதுவான சிந்தனை விதிகளைக் கற்பிப்பதினும், பல நோயாளர் வரலாறுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராயச் செய்வதே பயன் தரும் என்னும் கருத்து வலுப்பெற்றது. நெதர்லாந்து நாட்டில் உருவாகி, 2018-இல் டென் காட்டே, கஸ்டர்ஸ், டர்னிங் ஆகியோர் பதிப்பித்த நூலில் விளக்கப்பெற்றுள்ள முறை இக்கருத்தின் வழிப்பட்டதாகும். அம்முறையில் மாணவர் சிலர் முன்னின்று நோயாளர் வரலாற்றைப் படிப்படியாக வெளிப்படுத்துவர். ஏனையோர் ஐயங்களை உரைத்துக் காரணம் கூறுவர். ஆசிரியர் விடையைக் கூறாது உடனிருந்து நெறிப்படுத்துவார்.

இம்முறைகள் அனைத்திற்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. மாணவன் தன் சிந்தனையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விரிவுரையைக் கேட்பவன் பேசாமலிருக்கலாம். சிறுகுழுவில் இருப்பவன் பேசாமலிருக்க இயலாது. ஆகவே சிறுகுழுக் கல்வியில் மொழி பாடத்தை ஏற்றிச் செல்லும் ஊர்தி மட்டுமன்று. கற்கும் செயலின் ஒரு பகுதியே ஆகும். இவ்வுண்மையின் ஒளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டு முயற்சிகளை ஒப்பிட்டு நோக்கலாம்.

3. கல்கத்தா: 1822 முதல் 1835 வரை

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளுக்கு வேண்டிய இந்திய மருத்துவ உதவியாளரைப் பயிற்றுவதற்காக 1822-இல் கல்கத்தாவில் சுதேச மருத்துவக் கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. இருபது மாணவர்க்கு இடமளிக்கப்பட்டது. இக்காலத்துச் சிறுகுழுக்கள் இரண்டின் அளவினதே அம்முழு நிறுவனமும் எனலாம். பயிற்றுமொழி இந்துஸ்தானி ஆகும். முதற் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் ஜேம்சன் விரைவில் மறைந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற பீட்டர் பிரெட்டன், உடலுறுப்புகளின் பெயர்களையும் மருத்துவச் சொற்களையும் ஆங்கிலம், அரபு, பாரசீகம், இந்தி, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் தொகுத்து 1825-இல் ஒரு சொற்பட்டியலாக வெளியிட்டார். இந்தியாவில் மேலை மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தின் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாக அது மதிக்கத்தக்கது. மனித உடலை அறுத்துக் காட்டும் வாய்ப்புக் குறைவாக இருந்தமையின் விலங்குகளின் உடலைக் கொண்டே உறுப்பியல் விளக்கப்பட்டது. நகரத்து மருத்துவமனைகளுக்குச் சென்று பார்த்துப் பழகுவதும் பயிற்சியில் அடங்கியிருந்தது.

இதே காலத்தில் சமஸ்கிருதக் கல்லூரியிலும் கல்கத்தா மதரசாவிலும் மருத்துவ வகுப்புகள் நடைபெற்றன. முன்னதில் சமஸ்கிருதமும் பின்னதில் அரபும் பயிற்றுமொழிகளாயின. பின்னர்க் கண்காணிப்பாளராக விளங்கிய ஜான் டைட்லர் ஆங்கில உறுப்பியல் நூலொன்றை அரபியில் பெயர்த்தார்.

1833-இல் ஆளுநர் தலைவர் பெண்டிங்க் பிரபு மருத்துவக் கல்வியை ஆராய ஒரு குழுவை அமைத்தார். ஜான் கிராண்ட் அதன் தலைவர். டிரெவெல்யன், பிராம்லி, ராம் கமல் சென் முதலியோர் உறுப்பினர். மேலை மருத்துவத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமா, கீழை மொழிகளில் கற்பிக்கலாமா என்பதே அக்குழுவின் முன்னிருந்த முதன்மையான வினா. ஆங்கிலத்தில் கற்றவனது அறிவு நாட்டு மக்களிடையே பரவாது என்பது டைட்லரின் நிலை. வளர்ந்துகொண்டே செல்லும் மேலை அறிவை அவ்வப்போது மொழிபெயர்த்து முடிக்க இயலாது, மூலநூல்களைத் தாமே படிக்க வல்லவரே முழு மருத்துவராக இயலும் என்பது ஆங்கிலச் சார்பினரின் நிலை. 1834 அக்டோபரில் அளிக்கப்பட்ட அறிக்கை ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது. 1835 ஜனவரி 28 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை சுதேசக் கல்விக்கூடத்தையும் ஏனை இரு வகுப்புகளையும் நீக்கிக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியை ஏற்படுத்தியது. இந்தியக் கல்வியின் மொழி பற்றிய மெக்காலேயின் புகழ்பெற்ற குறிப்புக்கு ஐந்து நாள் முற்பட்டது இவ்வாணை.

இவ்விவாதத்தில் இருசாராரும் நூல்களின் மொழியைப் பற்றியே மிகுதியும் வாதிட்டனர் என்பது கவனத்திற்குரியது. சமஸ்கிருதமோ அரபோ கல்கத்தா நகரத்து நோயாளி தன் வயிற்றுவலியைச் சொல்லும் மொழியன்று; ஆங்கிலமும் அன்று. வங்காளக் குடியானவன் மருத்துவனிடம் எவ்வாறு பேசுவான், மருத்துவன் அவனிடம் எவ்வாறு வினவுவான் என்பது இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது.

4. கல்லூரியும் நோயாளர் கூடமும்

புதிய கல்லூரி ஐம்பது மாணவருடன் பிராம்லியைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. குடீவ், ஓஷானசி ஆகியோர் ஆசிரியராயினர். முன்னர்ச் சமஸ்கிருதக் கல்லூரியில் மருத்துவம் கற்பித்த மதுசூதன் குப்தர் இங்குப் பணியில் அமர்ந்து, 1836-இல் மாணவர் சிலருடன் மனித உடலை அறுத்து ஆய்ந்தார். சாதிக் கட்டுப்பாட்டை மீறிய அந்நிகழ்ச்சி இந்திய மருத்துவ வரலாற்றில் பெரிதும் பேசப்படுகிறது. அந்நாளில் அறுவைக் கூடத்தில் இருந்தவர் கைவிரல்விட்டு எண்ணத்தக்க ஒரு சிறுகுழுவினரே என்பது இக்கட்டுரையின் நோக்கில் குறிப்பிடத்தக்கது.

படுக்கையருகுச் சிந்தனைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு 1839-இல் ஓஷானசி வெளியிட்ட கஞ்சா பற்றிய ஆய்வாகும். அவர் முதலில் நாட்டு நூல்களிற் கூறப்பட்டனவற்றையும் நாட்டு அறிஞரிடம் கேட்டறிந்தனவற்றையும் தொகுத்தார். அடுத்து விலங்குகளுக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதன்பின் மூட்டுவாதம், இசிவு நோய், வெறிநாய்க்கடி நோய் முதலியவற்றால் வருந்தியோர்க்குச் சிறிய அளவில் கொடுத்து ஒவ்வொருவர் வரலாற்றையும் மணிக்கணக்கில் பதிவு செய்தார். கல்லூரி மாணவர் சிலரும் இவ்வாய்வில் ஈடுபட்டனர். எதிர்பாராத விளைவு தோன்றியபோது அதனை மறைக்காது, மருந்தால் விளைந்ததா வேறு காரணத்தால் விளைந்ததா என ஆராய்ந்து எழுதியமை அவ்வாய்வின் சிறப்பு. ஐயம், சோதனை, திருத்தம் என்னும் மூன்று படிகளையும் மாணவர் தம் கண்முன் காணும் வாய்ப்பு அங்கு அமைந்தது.

கல்லூரியோடு இணைந்த பெரிய மருத்துவமனை 1852-இல் திறக்கப்பெற்றது. அதற்கு நிலம் வழங்கியவர் வங்காள வணிகர் மோதிலால் சீல். இதற்கிடையில், நீக்கப்பட்ட நாட்டுமொழி வேறொரு வாயில் வழியாக மீண்டும் உள்ளே வந்தது. படைகளுக்கு உதவியாளர் தேவைப்பட்டமையின் 1839-இல் இந்துஸ்தானி வகுப்பும், சிற்றூர் மருந்தகங்களுக்கு ஆள் தேவைப்பட்டமையின் 1852-இல் வங்காள வகுப்பும் தொடங்கப்பெற்றன. வங்காள வகுப்பின் பொறுப்பு மதுசூதன் குப்தரிடம் அளிக்கப்பட்டது. 1873-இல் இவ்வகுப்பு சியால்டாவிற்கு மாற்றப்பட்டுப் பின்னர்க் கேம்ப்பெல் மருத்துவப் பள்ளி எனப் பெயர் பெற்றது.

இவ்வேற்பாட்டின் விளைவு ஆழமானது. ஒரே கல்லூரியில் ஆங்கில வகுப்பினர் காரணகாரியம் அறிந்து நோயைத் துணியும் மருத்துவராகவும், நாட்டுமொழி வகுப்பினர் கட்டுக்கட்டி மருந்து கொடுக்கும் உதவியாளராகவும் பிரிக்கப்பட்டனர். சிந்தனை ஆங்கிலத்திற்கும் செயல் வங்காளத்திற்கும் உரியவாயின. நோயாளியுடன் அவன் மொழியிற் பேச வல்லவனுக்கு நோயைத் துணியும் உரிமை குறைவு. அவ்வுரிமை மிக்கவனது கல்வியில் நோயாளியின் மொழிக்கு இடம் குறைவு. இப்பிரிவினையை உடைக்க முயன்றவருள் ராதா கோவிந்த கர் முதன்மையானவர். அவர் 1886-இல் அரசு உதவியின்றித் தொடங்கிய கல்கத்தா மருத்துவப் பள்ளியில் வங்காளமே பயிற்றுமொழி. அப்பள்ளி வளர்ந்து 1916-இல் கல்லூரியானபோது பல்கலைக்கழக முறைக்கேற்ப ஆங்கிலமே அங்கும் இடம்பெற்றது. 1948-இல் அக்கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் பேணிய பயிற்றுமொழி திரும்பவில்லை.

5. மானிப்பாய்: 1847 முதல் 1873 வரை

கல்கத்தாவில் எடுக்கப்பட்ட முடிவுக்கு நேர்மாறான திசையிற் சென்ற முயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜான் ஸ்கட்டர் 1820 முதல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியாற்றியிருந்தார். அவர் சென்னைக்குச் சென்றபின் நேதன் வார்டு அப்பணியைத் தொடர்ந்தார். 1847-இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822-இல் பிறந்து நியூயார்க்கில் மருத்துவம் பயின்ற இவர், 1848-இல் மானிப்பாயில் மருந்தகத்தையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார்.

முதல் வகுப்பினர் மிகச் சிலரே. அவர்கள் ஆங்கிலத்திற் பயின்றனர். வட்டுக்கோட்டைச் செமினரியால் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி வேரூன்றியிருந்தமையின் அதற்குத் தடையில்லை. மாணவர் மருந்தகத்தில் உதவியாளராகவும் இருந்தனர். காலையில் கண்ட நோயாளியைப் பற்றியே பின்னர்ப் பாடம் கேட்கும் சூழல் அச்சிறிய அமைப்பில் இயல்பாகவே உருவாயிற்று. தனி விரிவுரைக் கூடமும் தனி நோயாளர் கூடமும் இல்லாத வறுமை, ஒருவகையில் கல்விக்கு நன்மையாக முடிந்தது எனலாம்.

சில ஆண்டுகளில் கிறீன் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசுப் பணியையும் தோட்டப் பகுதிகளையும் நாடி வெளியூர்களுக்குச் சென்றனர். சிற்றூர்களில் தங்கியோர் குறைவு. தமிழிற் பயின்றவர் தமிழரிடையே தங்குவர், அவர்தம் அறிவும் தமிழரிடையே பரவும் என அவர் துணிந்தார். தாயகம் சென்று 1862-இல் மீண்ட பின்னர், 1864-இல் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட வகுப்பைத் தொடங்கினார். டைட்லர் கல்கத்தாவில் முன்வைத்துத் தோற்ற வாதமே முப்பது ஆண்டுகளுக்குப்பின் மானிப்பாயில் செயலுருப் பெற்றது. ஆனால் அரபுக்கு மாறாக நோயாளியின் மொழி அங்கே அமர்ந்தது.

வகுப்புக்கு நூல் வேண்டும். 1857-இல் மான்செல் எழுதிய நூலின் வழியாகப் பிரசவ வைத்தியமும், 1867-இல் துருவிட் நூலின் வழியாக இரண வைத்தியமும் வெளிவந்தன. 1872-இல் கிறேயின் உறுப்பியல் மனுஷ அங்காதிபாதமாகவும், ஹூப்பரின் நூல் வைத்தியாகரமாகவும் அச்சேறின. கெமிஸ்தம் 1875-இலும் மனுஷ சுகரணம் 1883-இலும் இந்து பதார்த்த சாரம் 1884-இலும் தொடர்ந்தன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட இத்தொகுதி ஒருவர் உழைப்பால் ஆனதன்று. டான்வதர், சாப்மன், பால், சுவாமிநாதர் முதலிய மாணவர் மொழிபெயர்த்தனர், கிறீன் பதிப்பித்தார். ஆங்கில நூலைப் பத்தி பத்தியாகப் படித்து, பொருளை விவாதித்து, தமிழ்ச்சொல்லைத் தேடி, எழுதியதைத் திருத்திய அம்மொழிபெயர்ப்புப் பணியே ஒரு சிறுகுழுப் பயிற்சியாக அமைந்தது. ஒரு நோயின் இலக்கணத்தைத் தமிழில் எழுத முயல்பவன் அந்நோயை அறியாமல் எழுத முடியாது.

கிறீன் 1873-இல் தாயகம் திரும்பினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர் மாணவர் சிலகாலம் வகுப்பைத் தொடர்ந்தனர். எனினும் 1870-இலேயே கொழும்பில் ஆங்கில வழி மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. அரசு வேலையும் ஏற்புடைய சான்றிதழும் அங்கிருந்தே கிடைத்தன. தமிழ் வகுப்பு மெல்ல மறைந்தது. கல்வி முறையில் தோல்வி கண்டு அது முடியவில்லை. வாழ்வுக்கு வழிகாட்டும் அரசாணை இன்மையால் முடிந்தது. தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்னும் குறிப்பைத் தம் கல்லறையிற் பொறிக்க விரும்பிய கிறீன் 1884-இல் மறைந்தார். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

6. கலைச்சொல்லும் நோயாளியின் சொல்லும்

தமிழ் வகுப்பால் மொழிச் சிக்கல் முற்றும் தீர்ந்தது எனக் கொள்வது பொருந்தாது. கிறீன் கலைச்சொல்லாக்கத்தில் ஒரு வரன்முறையைப் பின்பற்றினார். தமிழில் உள்ள சொல்லை முதலிலும், அது கிடைக்காதவிடத்துச் சமஸ்கிருதத்தையும், அதுவும் உதவாதவிடத்து ஆங்கில ஒலிபெயர்ப்பையும் அவர் நாடினார். அங்காதிபாதம், சுகரணம் என்பன இரண்டாம் வழிக்கும், கெமிஸ்தம் என்பது மூன்றாம் வழிக்கும் சான்றாகும். அருஞ்சொற்களைத் தொகுத்து 1875-இல் அகராதியும் வெளியிடப்பட்டது. இச்சொற்கள் மாணவர் தமக்குள் சிந்திக்கவும் வாதிடவும் உதவின. ஆயினும் வயலிலிருந்து வந்த நோயாளி சுகரணம் என்று சொல்லான். யாழ்ப்பாணத்தான் 'தலையிடி' என்பான்; தமிழகத்தான் 'தலைவலி' என்பான். முன்னவனுக்குத் 'தடிமன்', பின்னவனுக்குச் 'சளி'. ஒரே மொழிக்குள்ளும் இவ்வேறுபாடு உண்டு.

நோயாளியின் சொற்களை இருவகையாகப் பிரிக்கலாம். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், மதமதப்பு என்பன உணர்வைக் குறிக்கும் சொற்கள். வாய்வு, பித்தம், சூடு என்பன உணர்வைக் குறிப்பன அல்ல. நோயாளியே செய்துகொண்ட துணிவைக் குறிப்பன. முன்னவை சிந்தனைக்கு வாயில் திறக்கின்றன. பின்னவை அவ்வாயிலை அடைக்கின்றன. 'மயக்கம்' போன்ற சொற்கள் இருபொருளன. தலைசுற்றலையும் அது குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும். இரண்டிற்கும் காரணமாகும் நோய்கள் வேறுவேறு. ஆகவே அச்சொல்லைக் கேட்ட மாணவன் அடுத்து வினவ வேண்டிய வினா மருத்துவ வினாவாகவும் மொழி வினாவாகவும் ஒருங்கே அமைகிறது.

லேக் மார்க்கெட்டில் வாழும் அறுபது வயதுத் தமிழர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'நெஞ்சைக் கரிக்கிறது' என அவர் வீட்டாரிடம் கூறுகிறார். உடன் வந்த வங்காள அண்டை வீட்டார் அதனை மருத்துவரிடம் 'அம்பல்' என்கிறார். இது அகப்பொருள் நூல்கள் கூறும் அம்பல் அன்று. புளித்த ஏப்பத்தையும் வயிற்றுப் புளிப்பால் வரும் எரிவையும் குறிக்கும் அன்றாட வங்காளச் சொல். மொழிபெயர்ப்பு நேர்மையானதே, எனினும் ஒரு மாற்றம் நேர்ந்துவிட்டது. 'கரிக்கிறது' என்பது உணர்வு. 'அம்பல்' என்பது துணிவு. இதயக் குருதிக்குழாய் நோயிலும் நெஞ்சில் எரிவு தோன்றக்கூடும். உணவுக்குப்பின் வருகிறதா, படுத்தால் மிகுகிறதா, படியேறும்போது தொடங்கி நின்றால் தணிகிறதா என்னும் வினாக்களே இரண்டையும் பிரித்தறிய உதவுவன. மருத்துவர் சிந்திக்கத் தொடங்கும் முன்பே இடையிலிருந்த மொழிபெயர்ப்பு அவருக்காகச் சிந்தித்து முடித்துவிட்டால் அவ்வினாக்கள் எழாமற் போகும். அதன் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம்.

சிறுகுழுவில் இதே வரலாறு முன்வைக்கப்பட்டால் நிலைமை வேறாகிறது. ஒரு மாணவன் வயிற்றுப் புளிப்பு என்பான். மற்றொருத்தி இதயம் என்பாள். மூன்றாமவன் நோயாளி கூறிய சொல் யாது என வினவுவான். தமிழறிந்த ஒருவர் குழுவில் இருந்தால் 'கரிக்கிறது' என்பதன் பொருளை விளக்குவார். பல மொழி பேசும் நகரத்தில் பல மொழி மாணவர் கூடிய குழு குறையன்று, வளமே ஆகும் என்பது இதனாற் பெறப்படும்.

7. இன்றைய நிலை

இந்திய மருத்துவக் கழகத்தின் 1997ஆம் ஆண்டு விதிமுறைகளே விரிவுரையைக் குறைத்துக் குழு விவாதத்தையும் செய்முறையையும் கூட்ட வேண்டும் என அறிவுறுத்தின. 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்வழிப் பாடத்திட்டம் சிறுகுழுக் கல்வியை மேலும் வலியுறுத்தியது. அத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியில் கல்லூரி அமைந்துள்ள வட்டாரத்தின் மொழியைக் கற்பதும் சேர்க்கப்பட்டுள்ளது. 1835-இல் புறந்தள்ளப்பட்ட வினாவுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின் அளிக்கப்பட்ட ஒரு சிறு விடை இது. 2022-இல் மத்தியப் பிரதேச அரசு இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டது. தமிழகத்திலும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் முயற்சி நடைபெற்றுள்ளது.

இம்முயற்சிகளின் முன் மானிப்பாயும் கல்கத்தாவும் இரண்டு எச்சரிக்கைகளை வைக்கின்றன. நூல்களை மட்டும் நாட்டு மொழியில் ஆக்கிவிட்டுத் தொழில் வாய்ப்பையும் உயர்கல்வியையும் ஆங்கிலத்திற்கே விட்டுவைத்தால் அந்நூல்கள் நிலைபெறா என்பது மானிப்பாய் கற்பிக்கும் பாடம். நாட்டு மொழியைக் கீழ்நிலைப் பணிக்குரியதாக ஒதுக்கினால் சிந்திப்பவனும் நோயாளியோடு பேசுபவனும் வேறுவேறு ஆட்களாகிவிடுவர் என்பது கல்கத்தா கற்பிக்கும் பாடம். ஆங்கிலச் சார்பினர் அன்று எடுத்துக்காட்டிய இடர்ப்பாடும் புறக்கணிக்கத்தக்கதன்று. மருத்துவ அறிவு நாள்தோறும் பெருகுகிறது. அதன் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே வெளிவருகிறது. எனவே ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்வதினும், நூலை ஆங்கிலத்திலும் நோயாளியை அவர்தம் மொழியிலும் கற்று, இரண்டையும் குழுவிவாதத்தில் இணைப்பதே நடைமுறைக்கு ஒத்தது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. நோயறி சிந்தனை வாய்விட்டுச் சொல்லிப் பழகும்போதே வளர்கிறது. ஆகவே அதன் மொழி கல்விமுறையின் உள்ளுறுப்பு. கல்கத்தாவில் 1835-இல் நிகழ்ந்த விவாதம் நூலின் மொழியைத் தீர்மானித்தது. நோயாளியின் மொழியைத் தீர்மானிக்காமல் விட்டது. மானிப்பாயில் ஒரு சிறுகுழு, மேலை மருத்துவத்தைத் தமிழிற் சிந்திக்க இயலும் என்று செய்து காட்டியது. கலைச்சொல்லாக்கம் போலவே, நோயாளர் வழங்கும் சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்து அவற்றுள் உணர்வுச்சொல் எது, துணிவுச்சொல் எது எனப் பகுப்பதும் தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். யாழ்ப்பாணம், தஞ்சை, கொங்கு நாடு ஆகிய பகுதிகளோடு, வங்காளம் கலந்த தமிழ் பேசும் லேக் மார்க்கெட்டையும் அத்தொகுப்பு உள்ளடக்குமாயின், சிறுகுழுவில் அமரும் மருத்துவ மாணவர்க்கு அது பயன்படும். 'நெஞ்சைக் கரிக்கிறது' என்று சொல்லும் முதியவர்க்கு அதனினும் பயன்படும்.